உள்ளே இடம் காலி

ஓட்டேரிப் பாலத்துப் பக்கமாக ஒரு பஸ் ஓடிக்கொண்டிருந்தது. அதன் நம்பரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது சண்டைக்கு வருவார்கள், அதனால் நம்பர் வேண்டாம். ஜோதிலிங்கம் வண்டி என்று சொன்னால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் விளங்கும். ஜோதிலிங்கம் அதன் கண்டக்டர். ஆள் குள்ளம், தொண்டை மட்டும் பெரிசு. படியில் ஒரு காலும் காற்றில் ஒரு காலுமாகத் தொங்குகிற கூட்டத்தைப் பார்த்து, விசில் கொடுப்பதற்கு முன்னால் அவர் எப்போதும் ஒன்றைத்தான் சொல்வார்: "உள்ள போ, உள்ள போ, உள்ள எடம் காலியாக் கெடக்குது." உள்ளே ஒரு கொசு ரெக்கையை விரிக்க இடம் இருக்காது. அது அவருக்கும் தெரியும், ஏறுகிறவர்களுக்கும் தெரியும். தெரிந்தேதான் அவர் சொல்வார், தெரிந்தேதான் அவர்களும் தோளை மட்டும் அசைத்து உள்ளே போவது போலப் பாவனை காட்டுவார்கள். காலையிலும் சாயங்காலமும், மழையிலும் வெயிலிலும், ஸ்டாப்புக்கு ஸ்டாப் அந்த ஒரே பொய்யை வருஷக் கணக்காக அவர் சொல்லிச் சொல்லி, ஆடி மாசத்தில் ஒரு திங்கட்கிழமை காலையில் அது நிஜமாகிவிட்டது. பொய்க்கும் ரோஷம் என்று ஒன்று இருக்கும் அல்லவா.

அன்றைக்கு ஏறினவர்களில் எழிலரசியும் ஒருத்தி. எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிறவள். அவள் புருஷன் தேசிங்கு அந்த ஸ்டாப்புக்குப் பின்னாலேயே வேப்ப மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருந்தான். மரக்கிளையில் தூளி, தூளிக்குள் அவர்களுடைய பெண் ரோஷினி, இன்னும் பல் முளைக்காத பிள்ளை. அதற்கு ஒரு பழக்கம் உண்டு. பால் குடிக்கும்போது அம்மாவின் முந்தானையைப் பிடித்ததென்றால் தூங்கிப்போனாலும் விடாது. அன்றைக்கும் எழிலரசி பால் கொடுத்து, ஏப்பம் வரும்வரை முதுகைத் தட்டி, தூளியில் போட்டு, முந்தானையை அந்தப் பிடியிலிருந்து விரல் விரலாகப் பிரித்துக்கொண்டு ஓடிவந்து ஏறினாள்.

"உள்ள போம்மா, உள்ள எடம் காலியாக் கெடக்குது," என்றார் ஜோதிலிங்கம்.

அவள் ஒரு அடி வைத்தாள், இடம் இருந்தது. இன்னொரு அடி வைத்தாள், அதற்கும் இருந்தது. கம்பியைப் பிடித்தாள், கம்பிக்கு அப்பால் இன்னொரு கம்பி, சீட்டுக்கு அப்பால் இன்னொரு சீட்டு, அந்தச் சீட்டிலும் ஆள் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்க, அதற்கும் அப்பால் நிற்க இடம், அதற்கும் அப்பால் நிற்க இடம். அவளுக்குப் பின்னால் ஏறினவர்களும் அதே மாதிரி ஒவ்வொரு அடியாக வந்து வந்து அந்த இடத்தையெல்லாம் நிரப்பினார்கள். கூட்டம் குறையவே இல்லை, நீளம்தான் கூடியது. அவள் திரும்பிப் பார்த்தபோது ஏறின படி, தெருக்கோடியில் எரிகிற விளக்கு மாதிரி எங்கேயோ சின்னதாகத் தெரிந்தது.

கம்பெனி ஸ்டாப் வந்தது. நம்ம ஊர் பஸ்ஸில் இறங்க வேண்டிய ஆள் இடித்துக்கொண்டு போக மாட்டான். முன்னால் நிற்கிறவரிடம் "எறங்குறீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்பான். இல்லை என்றால் அவர் ஒதுங்கி வழி விடுவார். ஆமாம் என்றால் அவருக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான். எங்கேயும் எழுதி வைக்காத சட்டம் அது, போலீஸ்காரர்கூட மீற மாட்டார். எழிலரசிக்கு முன்னால் நின்றவர் பாண்டுரங்கன், தாலுகா ஆபீசில் டைப் அடிக்கிறவர், அக்குளில் குடையும் கையில் டிபன் பையுமாக நேராக நிற்கிற மனுஷன்.

"எறங்குறீங்களா சார்?"

"ஆமாம்மா. அடுத்த ஸ்டாப்பு."

அவர் தனக்கு முன்னால் இருந்தவரைக் கேட்டார். அவரும் அடுத்த ஸ்டாப்பு. அவருக்கு முன்னால் ஒரு காலேஜ் பெண், அவளும் அடுத்த ஸ்டாப்பு. படி வரைக்கும் அந்தக் கேள்வி போய்த் திரும்பி வந்தபோது வண்டி ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டது. அதற்கு அடுத்த ஸ்டாப்பிலும் அதே கதை. யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் நிஜமாகவே அடுத்த ஸ்டாப்பில் இறங்கப்போகிறவர்கள்தான். படிக்குப் பக்கத்தில் ஒருவர் இறங்கினால் இரண்டு பேர் ஏறினார்கள், ஏறினவர்களை ஜோதிலிங்கம் உள்ளே போகச் சொன்னார், உள்ளே இடம் காலியாகக் கிடந்தது.

முதல் வாரம் ஊரே பரபரத்தது. வீட்டுக்காரர்கள் ஸ்டாப்பில் நின்று ஜன்னல் ஜன்னலாகத் தேடினார்கள், ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் எண்ணி எட்டுப் பத்து ஜன்னல்தான், அதில் தெரிந்தவர்களும் அன்றன்றைக்குப் புதிதாக ஏறினவர்கள்தான். ஆபீசர்கள் வந்து டேப் பிடித்து வண்டியை அளந்தார்கள். நீளம் சரியாக இருந்தது, அகலம் சரியாக இருந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். ஜோதிலிங்கத்துக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே போ என்று சொல்லக் கூடாது என்று வாயைப் பொத்திப் பார்த்தார், கை எடுத்ததும் வாய் சொல்லிவிட்டது. ஒரு நாள் துணிந்து "எல்லாரும் வெளிய வாங்க" என்று கத்திப் பார்த்தார். ஒரு கண்டக்டர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை, அதனால் உள்ளே இருந்தவர்கள் செக்கிங் வந்திருக்கிறது என்று நினைத்து டிக்கெட்டைத் தேடினார்கள்.

பிறகு எல்லாம் பழகிவிட்டது. பழகாமல் என்ன செய்ய முடியும், வண்டி ஓடிக்கொண்டுதானே இருந்தது. வண்டியில் பழகின ஜனங்களுக்குத் தெரிந்த வேலை ஒன்று உண்டு: வாங்கி அடுத்த ஆளிடம் கொடுப்பது. பின்னாலிருந்து வருகிற காசை முன்னால் கொடுப்பார்கள், முன்னாலிருந்து வருகிற டிக்கெட்டைப் பின்னால் கொடுப்பார்கள், கண் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும், வாய் வேறு பேசிக்கொண்டிருக்கும், கை மட்டும் வாங்கி இடது பக்கம் நீட்டும். இடத்தை விடாதவன் உண்டு, சீட்டை விடாதவன் உண்டு, கைக்கு வந்ததைக் கொடுக்காதவன் ஒருத்தன் கிடையாது. அப்படித்தான் டிபன் கேரியர்கள் உள்ளே வர ஆரம்பித்தன. சட்டைகள் வந்தன, கண்ணாடிகள் வந்தன, மாத்திரைகள் வந்தன, ஒரு வீட்டுக்காரி புருஷனுக்குத் தலையணை அனுப்பினாள். தைக்க வேண்டிய காலர்கள் கம்பெனியிலிருந்து கட்டுக் கட்டாக வந்தன, எழிலரசி நின்றுகொண்டே கையால் தைத்து அனுப்பினாள். அதிலும் சட்டம் இருந்தது. வருகிற பொருளை யாரும் திறக்கக் கூடாது, பிரிக்கக் கூடாது, எப்படிக் கட்டி வந்ததோ அப்படியே போக வேண்டும். மாறி வந்துவிட்டால் "எனக்கு இல்ல, திருப்பு" என்று ஒரு வார்த்தை, ஏன் எதற்கு என்று கேட்காமல் வந்த வழியே போய்விடும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறத்தில் துணி கட்டுவார்கள். சிவப்புத் துணி என்றால் வேப்ப மரத்தடி இஸ்திரி வண்டி. மற்ற அவசரங்களுக்கு, கடைசிச் சீட்டுக்கும் பின்னால் ஒரு மறைப்புக் கட்டினார்கள். உள்ளேதான் இடம் காலியாகக் கிடக்கிறதே.

எழிலரசிக்கு முதல் நாள் மத்தியானத்திலிருந்தே மாரில் பால் கட்டிக் கட்டி வலித்தது. டிபன் கேரியர்கள் வர ஆரம்பித்ததும், பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்த மரியபுஷ்பம் என்கிற அம்மாள், ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிறவள், நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் மூடிபோட்ட சொம்பைக் கழுவிக் கொடுத்தாள்.

"பீச்சி அனுப்பு. வலில நின்னுகினு யாருக்கு லாபம்?"

"போய்ச் சேருமாக்கா?"

"என் வீட்டு மீன் கொழம்பு இவ்ளோ தூரம் சிந்தாம வருது. பால் போவாதா?"

எழிலரசி சுவர்ப் பக்கம் திரும்பி நின்று பாலைப் பீச்சி, மூடி போட்டு, சிவப்புத் துணியால் முடிந்து பாண்டுரங்கன் கையில் கொடுத்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தபடியே வாங்கி இடது பக்கம் நீட்டினார். கை மாறிக் கை மாறி, கயிறு கட்டின கை, ரப்பர் வளையல் போட்ட கை, கிரீஸ் பிடித்த கை, மருதாணி வைத்த கை என்று அந்தப் பால் படி வரைக்கும் போய்த் தேசிங்கிடம் சேர்ந்தது. காலிச் சொம்பு திரும்பி வந்தபோது அவள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். பிள்ளையின் தலை வாசம் இருந்தது. அன்றிலிருந்து அதுதான் அவளுக்குக் கடிகாரம்.

சொம்பு தவறாமல் போயிற்று, ஆனால் வாய்வார்த்தை அப்படிப் போகவில்லை. போன் சிக்னல் இரண்டாவது படியோடு நின்றுவிடும். எழுதி அனுப்பலாம் என்றால் எழிலரசிக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும், தேசிங்குக்கு அதுவும் வராது. அதனால் சொல்லிச் சொல்லி அனுப்புவாள். பொருளைத்தான் யாரும் திறக்க மாட்டார்கள், சொல்லை எல்லோரும் திறந்து பார்த்துத்தான் கொடுப்பார்கள். "புள்ளைக்குச் சளி இருந்தா ஓமத் தண்ணி குடு" என்று அனுப்பினால் அங்கே "ஓட்டேரித் தண்ணி குடு" என்று போய்ச் சேரும், தேசிங்கு தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான்.

ஐப்பசி மழை பிடித்தபோது ஒரு நாள் சொம்பு காலியாகத் திரும்பவில்லை. அனுப்பின பால் அனுப்பினபடியே வந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அதனுடன் ஒரு சொல்லும் வந்தது, பாண்டுரங்கன் கழுத்தைத் திருப்பாமல் சொன்னார்: "புள்ள சொம்புல குடிக்கலியாம். ஆளக் கேக்குதாம். உள்ள அனுப்பட்டான்னு கேக்குறாரு."

அப்போது பிள்ளைகளை உள்ளே அனுப்புகிற வழக்கம் வந்திருந்தது. அப்பா உள்ளே, அம்மா உள்ளே, வெளியே வைத்து யார் பார்ப்பது என்று கேட்டு அனுப்பிவிடுவார்கள். எழிலரசிக்கு இரண்டு கம்பி தள்ளி அப்படி வந்த ஒரு சின்னப் பெண் இருந்தாள். வண்டி நின்றாலும் அவள் உடம்பு ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் எழிலரசி அவளிடம் கேட்டாள்: "கண்ணு, நீ எந்த ஸ்டாப்புல எறங்குவ?"

அந்தப் பெண் யோசித்துவிட்டுக் கேட்டது: "எறங்குறதுன்னா இன்னா ஆன்ட்டி?"

அந்தக் கேள்வி அன்றிலிருந்து எழிலரசிக்குள் முள் மாதிரி நின்றிருந்தது. அதனால் தேசிங்கின் கேள்விக்கு அவள் யோசிக்கவே இல்லை. "புள்ளைய அனுப்பாத. நானே வர்றேன்," என்று சொல்லி அனுப்பினாள். ஒவ்வொரு வாயாகப் போகட்டும், தப்பில்லாமல் போகட்டும் என்று பாண்டுரங்கனிடம் இரண்டு தரம் சொல்ல வைத்துக் கேட்டாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவரையே கேட்டாள்.

"எறங்குறீங்களா சார்?"

"ஆமாம்மா. அடுத்த ஸ்டாப்பு."

"சார், ஆடியிலேர்ந்து இதையே சொல்லிகினு கீறீங்க. ஒரு தபா இல்லன்னு சொல்லுங்க. நான் தாண்டிப் போய்க்கிறேன்."

பாண்டுரங்கனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "இல்லன்னு எப்படிம்மா சொல்றது? எனக்கு வேலை இருக்குது, வீடு இருக்குது. இல்லன்னு சொல்லிட்டா அப்புறம் நான் இங்கியே இருக்கறவன்னு ஆயிடாது?"

"ஒரு அடிதான சார்."

"நான் ஒரு அடி உள்ள வரணும்ல."

அவர் சொன்னது சரி. அவள் வெளியே வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் ஒருத்தர் ஒரு அடி உள்ளே போக வேண்டும். படி வரைக்கும் எத்தனை பேர், அத்தனை பேரும் இல்லை என்று சொல்ல வேண்டும். மரியபுஷ்பம் சீட்டிலிருந்து சிரித்தாள்.

"அவரு நாலு மாசமா அடுத்த ஸ்டாப்புல எறங்குறாரு. ஸ்டாப்புதான் எறங்க மாட்டேங்குது."

அந்த நேரத்தில்தான் அழுகை கேட்டது.

ரொம்பத் தூரத்தில், கொதிக்கிற பாத்திரத்துக்கு அடியில் எறும்பு கத்துவது போல ஒரு சத்தம். வண்டியில் எத்தனையோ பிள்ளைகள் அழும், ஆனால் எழிலரசியின் ரவிக்கை அந்தச் சத்தத்துக்கு உடனே நனைந்துவிட்டது. மாருக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. "அனுப்பாத, நானே வர்றேன்" என்று போன வார்த்தை அத்தனை வாயைத் தாண்டிப் படியில் இறங்கும்போது "அனுப்பு, நான் வரல" என்று மாறி இறங்கியிருக்கிறது. தேசிங்கு அதைக் கேட்டு, இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையின் மணிக்கட்டில் சிவப்புத் துணியைக் கட்டி ஜோதிலிங்கம் கையில் கொடுத்துவிட்டான்.

அழுகை ஒவ்வொரு கம்பியாகத் தாண்டி வந்தது. "வேணாம், திருப்பி அனுப்புங்க" என்று எழிலரசி கத்தினாள். அந்தச் சொல் அவளைத் தாண்டிப் பத்துப் பேரிடம் போவதற்குள் "வேகமா அனுப்புங்க" என்று ஆகிவிட்டது, அழுகை இன்னும் வேகமாக வந்தது. கடைசியில் பாண்டுரங்கன் ஜன்னலைப் பார்த்தபடியே கையை நீட்டி வாங்கினார், வாங்கினது நெளிந்ததும்தான் குனிந்து பார்த்தார்.

"செவப்புத் துணிம்மா. உங்களுக்குத்தான்."

பிள்ளை அவளைப் பார்த்து முதலில் அடையாளம் தெரியாமல் உதட்டைப் பிதுக்கியது. பிறகு மூக்கு கண்டுபிடித்துவிட்டது. நின்றுகொண்டே பால் கொடுக்க முடியாது, வண்டி ஆடுகிற ஆட்டம் அப்படி. மரியபுஷ்பம் எழுந்தாள். நாலு மாசமாக அந்த வண்டியில் சீட்டை விட்டு யாரும் எழுந்ததில்லை, எழுந்தால் திரும்பக் கிடைக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

"உக்காரு."

"அக்கா, உங்க சீட்டு."

"நான் அடுத்த ஸ்டாப்பு," என்றாள் மரியபுஷ்பம், கம்பியைப் பிடித்துக்கொண்டு.

பிள்ளை குடித்தது. வயிறு நிறையக் குடித்து, பழையபடி முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கண் சொருகித் தூங்கிப்போனது. எழிலரசி அதன் முகத்தைப் பார்த்தாள். இரண்டு கம்பி தள்ளி அந்தச் சின்னப் பெண் ஆடிக்கொண்டே இந்தப் பிள்ளையை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. இங்கேயே வைத்துக்கொண்டால் பால் உண்டு, மடி உண்டு, பார்க்கப் பத்துப் பேர் உண்டு. இங்கேயே நடை பழகும். இங்கேயே பேச்சு வரும். ஒரு நாள் யாராவது எந்த ஸ்டாப்பு என்று கேட்பார்கள்.

வாங்கின ஆள் வாயிலிருந்து வர வேண்டிய வார்த்தை ஒன்று இருந்தது. அது இல்லாமல் எதையும் யாரும் திருப்ப மாட்டார்கள். அவள் பிள்ளையை நெஞ்சிலிருந்து எடுத்துப் பாண்டுரங்கன் பக்கம் நீட்டினாள்.

"எனக்கு இல்ல சார். திருப்பிடுங்க."

"எம்மா, செவப்புத் துணி கட்டியிருக்குதே. இப்பத்தானே பால் குடுத்த."

"எனக்கு வந்தது இல்ல. இஸ்திரி வண்டிக்கே திருப்பி அனுப்புங்க." அவள் குரல் உடையவில்லை. அது உடைந்துவிட்டால் அவர் வாங்க மாட்டார் என்று தெரிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

பாண்டுரங்கன் நாலு மாசத்தில் முதல் தடவையாக ஜன்னலைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, சட்டப்படி ஏன் எதற்கு என்று கேட்காமல், பிள்ளையை வாங்கி இடது பக்கம் திரும்பினார். திரும்பினவர் நின்றார். முந்தானை விறைத்து இழுத்தது. பிள்ளையின் பிடிக்குள் ஒரு நுனி, எழிலரசியின் தோளில் மறு நுனி.

"துணி மாட்டிக்கினு இருக்குதும்மா. கைய பிரிச்சு வுடு."

எழிலரசி கையை நீட்டினாள். அந்த விரல்களைப் பிரிக்க அவளுக்குத் தெரியும், தினமும் காலையில் பிரித்தவள்தான். ஆனால் அவள் விரல் அதில் படுவதற்கு முன்னால் மரியபுஷ்பம் குறுக்கே கையை வைத்தாள்.

"பிரிக்காத. வந்த பொருளைப் பிரிக்கக் கூடாது. எது எதோட கட்டியிருக்குதோ அப்படியே அனுப்பணும். சட்டம்தானே சார்?"

பாண்டுரங்கன் யோசித்தார். ஆபீஸ் மனுஷன், சட்டம் என்றால் யோசிப்பார். "அப்ப இவங்க எறங்குறாங்களா?"

"எறங்கல. எறங்குறதுன்னா உங்களைத் தாண்டணும். இவ பொருளோட போறா."

"அப்போ நான் உள்ள வர வேணாம்."

"வேணாம். நீங்க வாங்கிக் குடுத்தாப் போதும்."

அவருக்கு மனசு லேசானது முகத்தில் தெரிந்தது. "அதைத்தானே நாலு மாசமா செஞ்சிகினு இருக்கேன்," என்று சொல்லி, குடையை மரியபுஷ்பத்திடம் கொடுத்துவிட்டு, பிள்ளையை முன்னால் கொடுத்து, பின்னாலேயே எழிலரசியின் கையைப் பிடித்து முன்னால் கொடுத்தார்.

கை வாங்கியது, கை கொடுத்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அவரவர் ஜன்னலை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கை மட்டும் வேலை செய்தது. தோளைப் பிடித்து, முழங்கையைப் பிடித்து, இடுப்பைப் பிடித்து, தலைக்கு மேலே பிள்ளையும் தோளுக்கு மேலே அவளுமாக, டிபன் கேரியரைக் கொடுப்பது போல, கண்ணாடியைக் கொடுப்பது போல, சிந்தாமல் சிதறாமல் கொடுத்தார்கள். "எங்க?" என்று ஒரு குரல் கேட்கும், "இஸ்திரி வண்டிக்கு" என்று ஒரு குரல் சொல்லும். அடுத்த ஸ்டாப்பில் இறங்கப்போகிற டைப்பிஸ்டுகள், அடுத்த ஸ்டாப்பில் இறங்கப்போகிற காலேஜ் பெண்கள், அடுத்த ஸ்டாப்பில் இறங்கப்போகிற கொத்தனார்கள், பூக்காரிகள், எல்.ஐ.சி. ஏஜெண்டுகள் எல்லோருடைய உள்ளங்கையும் அவள் முதுகில் பட்டுப் பட்டு விலகியது. கொடுத்த கைகள் உடனே மடங்கவில்லை. காசைக் கொடுத்தவன் டிக்கெட்டுக்கு நீட்டிக்கொண்டிருப்பதைப் போல, பதிலுக்கு ஏதாவது வரும் என்று கொஞ்ச நேரம் நீண்டே இருந்தன.

ஜோதிலிங்கம் கடைசியாக வாங்கினார். வாங்கினது ஆள் என்று தெரிந்ததும் வாயிலிருந்த விசில் தானாக ஒரு தடவை ஊதியது, வண்டி நின்றது. வேப்ப மரத்தடியில் ஒரு சட்டை கருகிக்கொண்டிருந்தது. தேசிங்கு பெட்டியை எடுக்க மறந்து அப்படியே நின்றான்.

"நீதான எழிலு வரலன்னு சொல்லி அனுப்பின?"

"நான் அனுப்பாதன்னு சொன்னேன்யா."

நான்கு மாசத்து வெயிலும் மழையும் பட்டிருந்த அந்தத் தரை அவள் காலுக்கு அடியில் ஆடாமல் நின்றது, அது அவளுக்கு மயக்கமாக வந்தது. பின்னால் இரண்டு விசில் கேட்டது. "உள்ள போ, உள்ள போ, உள்ள எடம் காலியாக் கெடக்குது," என்று சொல்லிக்கொண்டே வண்டி பாலத்தில் ஏறியது. மரியபுஷ்பத்தின் சீட்டில் இந்நேரம் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

தேசிங்கு பிள்ளையை வாங்கி முத்தம் கொடுத்தான், முந்தானை வருகிற தூரத்துக்குத்தான் வாங்க முடிந்தது. பிறகு அவள் நிற்கிற தள்ளாட்டத்தைப் பார்த்து, முக்காலியை இழுத்துப் போட்டு, அவளை உட்கார வைத்து, பிள்ளையைத் திரும்ப அவள் கையில் கொடுத்தான்.

எழிலரசி வாங்கினாள். வாங்கின உடனே, பாலத்தைப் பார்த்தபடியே, இடது பக்கம் நீட்டினாள்.

அங்கே யாரும் இல்லை. வேப்ப மர நிழல்தான் இருந்தது. அவள் நீட்டின கை நீட்டினபடி இருந்தது. தேசிங்குக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"எழிலு, அங்க யாரும் இல்ல."

அவள் அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். வலி எடுக்கிற வரைக்கும் நீட்டியிருந்த கையைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கி, பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வது போல நிழலைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்கு வந்ததுதான்."